சாம்பிராணிக்கு நின்ற விமானம்

புதுச்சேரி முத்தியால்பேட்டை சூசைநாதன் மகள் ரூபிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். மூக்கு அதைவிட நீளம் என்பது அவள் வேலை பார்க்கும் விமானக் கம்பெனிக்கும் தெரியும். முகத்தில் பார்த்தால் அளவான மூக்குதான். ஆனால் அடுத்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால், இவள் தன் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, "எட்வினா அக்கா, அடுப்பப் பாருங்க!" என்று குரல் கொடுப்பாள். அந்த அக்காவும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். இதில் ரூபிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, கடவுள் கொடுத்ததை மறைத்து வைக்க முடியுமா?

அந்த மூக்கால்தான் அவளுடைய பதவி போனது.

கம்பெனி சின்னது. மொத்தமே இரண்டு விமானம், இரண்டும் விசிறி வைத்தவை. அதில் ஒன்று இரவில் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் தங்கி, காலையில் ஹைதராபாத் போகும். ரூபி அதில் பணிப்பெண்களுக்கு இன்-சார்ஜ். போன மழைக்காலத்தில் ஒரு நாள், விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியபோது அவளுக்கு ஏதோ கருகுவதுபோல் வாடை வந்தது. உடனே இன்டர்காமை எடுத்துக் கேப்டனிடம் சொல்லிவிட்டாள். கேப்டன் பிரேக் பிடித்தார். விமானம் நின்றது. எல்லாரையும் இறக்கி, ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து மகளைப் பார்க்கப் போன ஒரு அம்மா, விடியற்காலையில் கருவாடு சுட்டு, சூடு ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவ்வளவுதான் நெருப்பு.

அன்று பயணம் ரத்தானது. பாதிப் பேர் ஹைதராபாத்தில் ஏறவேண்டிய அடுத்த விமானத்தைத் தவறவிட்டார்கள். கம்பெனி ரூபியை இன்-சார்ஜ் பொறுப்பிலிருந்து இறக்கியது. அன்றிலிருந்து அவளுக்குப் பேர் கருவாட்டு ரூபி. லாஸ்பேட்டையில் பெட்டி ஏற்றுபவர்கள்கூட, அவள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதையெல்லாம் அவள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொண்டாள். தீர்த்துக்கொள்ள முடியாதது ஒன்றுதான். அன்று பிரேக் பிடித்த கேப்டன் நெடுமாறன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு வார்த்தை தேற்றவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு இருவரும் ஒரே விமானத்தில் பறக்க நேரவில்லை. இந்த மனுஷன் இனிமேல் என் பேச்சை நம்பமாட்டார் என்று ரூபி முடிவே கட்டிவிட்டாள். அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

இப்போது கம்பெனி அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. ஹைதராபாத் தலைமை அலுவலகத்திலிருந்து அஞ்சலி என்ற அதிகாரி வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, ரூபி வேலை செய்வதைப் பார்ப்பார். தேறினால் மறுபடியும் இன்-சார்ஜ். தேறாவிட்டால் இன்னொரு முறை கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்தப் பரீட்சை நாளும் வந்தது. கேப்டன் யாரென்று பார்த்தால், நெடுமாறன்.

"நல்லாத்தான் வச்சுச் செய்றாங்க" என்று சொல்லிக்கொண்டே ரூபி புடவை மடிப்பைச் சரிசெய்தாள். பயமா? இல்லை. கோபம் கொஞ்சம் இருந்தது. என்னையா பரீட்சை பண்றீங்க, பாருங்கடா என்கிற கோபம். அது அவளுக்கு எப்போதும் தெம்பு கொடுக்கும்.

விமானத்தின் பின்கதவு வழியாகத்தான் ஆட்கள் ஏறுவார்கள். முதலில் ஏறியது வாடை. அதன்பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். சாம்பிராணி! உருளையன்பேட்டைப் பக்கத்திலிருந்து பக்ருதீன் குடும்பம், பிள்ளைகுட்டிகளோடு பதினாலு பேர். ஹைதராபாத்தில் மறுநாள் அவர்கள் மகன் ஷஃபீக்குக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அம்மா நபீசா ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"மணமா இருக்குதே, நபீசாம்மா" என்றாள் ரூபி.

"பொண்ணுக்குக் கொண்டுபோற துணியாச்சே கண்ணு. வெறுமனே கொண்டுபோலாமா? காலையில எல்லாப் பையையும் தொறந்து வச்சு, நல்லாப் பொக போட்டுத்தான் மூடுனேன்."

"செக்யூரிட்டில ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லுவாங்க? அந்தத் தம்பி, எங்க வீட்டுக்கும் கொஞ்சம் போட்டுட்டுப் போங்கம்மான்னு கிண்டல் பண்ணுது."

ரூபி சிரித்தாள். புதுச்சேரியில் சாம்பிராணி வாடைக்கு யார் பதறுவார்கள்? கோயிலிலும் அதுதான், மாதா கோயிலிலும் அதுதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை கடையாகப் புகைத் தட்டை வீசிக்கொண்டு வரும் பாயிடமும் அதுதான். பிறந்த குழந்தைக்குத் தலை துவட்டுவதிலிருந்து பிணத்தை எடுப்பதுவரை அந்தப் புகை இல்லாமல் இந்த ஊரில் ஒரு காரியம் நடக்காது. டிக்கெட் பார்த்த பெண் சிரித்தாள், பை சோதித்தவன் சிரித்தான், படிக்கட்டில் நின்ற பணியாளன் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டான். வேற்றூர்க்காரர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், "என்ன புகை வாடை?" என்று அந்த நிமிடமே கத்தியிருப்பார். யாரும் இல்லை. அஞ்சலி மேடம் இருந்தாரே என்றால், அவருக்கு அன்று நல்ல ஜலதோஷம்.

ரூபியோடு வேலை செய்ய வந்திருந்த இன்னொரு பணிப்பெண் இஃப்ஃபத், பைகளை மேல்பெட்டிகளில் அடுக்கி மூடினாள். இருக்கைக்கு மேலே பை வைக்கும் பெட்டியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது முன்பக்க இன்டர்காம் ஒலித்தது.

"ரூபி." நெடுமாறன் குரல். அன்று காலையில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஏதோ பொக வாட வருதே?"

"சாம்பிராணி சார். கல்யாண வீட்டுக்காரங்க."

"பாத்துட்டியா?"

"இதப் பாக்கணுமா சார்? நம்ம ஊர் சாம்பிராணி எனக்குத் தெரியாதா?"

 "சரி" என்று அவர் வைத்துவிட்டார்.

இங்கேதான் ரூபி சறுக்கினாள். அவள் மூக்கு சறுக்கவில்லை, அது சாம்பிராணிதான். ஆனால் வாடை வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும். அதுதான் அவள் தொழில். கருவாட்டுக்கு முந்திய ரூபியாக இருந்திருந்தால், பதினாலு பேரையும் எழுப்பிவிட்டு ஒவ்வொரு பையாக முகர்ந்திருப்பாள். இன்று முதல் வரிசையில் அஞ்சலி உட்கார்ந்திருக்கிறார். காக்பிட்டில் நெடுமாறன் இருக்கிறார். இன்னொரு தடவை வாடை, வாடை என்று ஓடினால் ஊர் சிரிக்கும். அதனால்தான் அத்தனை அலட்சியமாகப் பதில் சொன்னாள். ஊர்வாய்க்குப் பயப்படாதவள் என்று பேர் வாங்கியவளும் அன்று ஊர்வாய்க்குத்தான் பயந்தாள்.

கதவு மூடியாயிற்று. விமானம் மெல்ல ஊர்ந்தது. லாஸ்பேட்டை ஓடுபாதை குட்டையானது. விமானம் அதிலேயே கடைசிவரை போய், திரும்பி நின்று, அப்புறம்தான் ஓடவேண்டும். ரூபி முன்பக்கம், பயணிகளைப் பார்த்தபடி இருக்கும் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு எதிரே அஞ்சலி, கைக்குட்டையும் பேனாவுமாக. பக்கத்து இருக்கையில் மார்ட்டின் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மாதத்துக்கு இரண்டு முறையாவது இதில் போவார். பின்னால் வரிசை வரிசையாகத் தலைகள். கடைசியில் இஃப்ஃபத்.

விமானம் திரும்பி நின்றது. ரூபி மூச்சை இழுத்தாள்.

சாம்பிராணி. அதேதான். சந்தேகமே இல்லை. ஆனால் ஏறும்போது இருந்ததைவிடக் கூடியிருந்தது.

அவள் அம்மா அந்தோணிமேரி சனிக்கிழமை தோறும் வீடு முழுக்கப் புகை போடுவாள். அலமாரியைக்கூடத் திறந்து வைத்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புடவை எடுக்கும்போது கமகமவென்று இருக்கும். திங்கள்கிழமை பாதிதான் இருக்கும். புதன்கிழமை முகத்தோடு ஒட்டி முகர்ந்தால்தான் தெரியும். துணியில் ஏறிய புகை குறையும். குறைந்துகொண்டேதான் போகும். பெட்டிக்குள் மூடி வைத்த துணியின் வாடை, குளிர்காற்று ஓடும் இந்த இடத்தில், இத்தனை நேரம் கழித்து எப்படிக் கூடும்?

கூடாது. ஒரே ஒரு வழியில்தான் கூடும். இன்னும் எரிந்துகொண்டிருந்தால்.

இந்த நினைப்பு முடிவதற்குள் இரண்டு எஞ்சினும் இரைந்தன. விமானம் ஓடத் தொடங்கிவிட்டது.  ஓட ஆரம்பித்தபிறகு காக்பிட்டைக் கூப்பிடக்கூடாது. நெருப்பு, புகை என்றால் மட்டும் கூப்பிடலாம். அவள் கண்ணுக்கு முன்னால் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கேபின் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. சற்றுமுன்தான் தன் வாயாலேயே ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். எதிரே அஞ்சலி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது கூப்பிட்டு அது வெறும் வாடையாக இருந்துவிட்டால், இன்-சார்ஜ் பதவி இந்த ஜென்மத்தில் இல்லை. கூப்பிட்டாலும் நெடுமாறன் நிற்பாரா? இவளுக்கு வேறு வேலையில்லை என்று ஓட்டிக்கொண்டே போனால்? இந்தக் குட்டை ஓடுபாதையில் யோசித்துவிட்டுச் செய்ய நேரமே கிடையாது.

போனால் போகட்டும் பதவி! ரூபி இன்டர்காமை உருவினாள்.

"ஸ்டாப் சார்! ஸ்டாப்! கேபின்ல நெருப்பு!"

அவள் வாயை மூடுவதற்குள் விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டது. எஞ்சின் சத்தம் மாறியது. பட்டைகள் எல்லாரையும் வயிற்றோடு இழுத்துப் பிடித்தன. யாருடைய தண்ணீர்ப் பாட்டிலோ நடைவழியில் உருண்டு முன்னால் ஓடிவந்தது. மார்ட்டின் ஐயா, "மொன் தியூ!" என்று கடவுளைக் கூப்பிட்டபடி சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. டயர்கள் கத்தின. அப்புறம் எல்லாம் அடங்கி, விமானம் ஓடுபாதை நடுவில் அசையாமல் நின்றது.

நின்றுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. நின்றேவிட்டார்!

"எல்லாரும் உட்காருங்க! யாரும் எந்திரிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ரூபி பட்டையை அவிழ்த்தாள். இன்டர்காமில் நெடுமாறன் கேட்டார்.

"எங்க?"

"தெரியல சார். தேடறேன்."

"தேடு. தீயணைப்பு வண்டிய வரச்சொல்லிட்டேன்."

அஞ்சலி கழுத்தைத் திருப்பிக் கேபினைப் பார்த்தார். எங்கும் புகை இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் மோசம். "ரூபி, என்ன பாத்தீங்க?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் பாக்கல மேடம்" என்று சொல்லிவிட்டு ரூபி தீயணைப்புக் குப்பியை இடது கையில் எடுத்துக்கொண்டாள்.

வலது புறங்கையை மேல்பெட்டிகளின் மேல் வைத்துக்கொண்டே நடந்தாள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சீக்கிரம் தெரியும். முதல் பெட்டி சில்லென்றிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது, எல்லாம் சில்லிப்புத்தான். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் பார்த்தாள். அத்தனை பேர் கண்ணும் அவள் கையோடு நகர்ந்தன. யாரோ பின்னால், "அன்னிக்குக் கருவாட்டுக்கு நிறுத்துன பொண்ணுதானே இது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது காதில் விழுந்தது. காது மடல் சூடானது. ஆனால் கை நிற்கவில்லை.

"என்ன கண்ணு ஆச்சு?" என்றாள் நபீசா. அவள் தலைக்கு மேலே இருந்த பெட்டியில் ரூபியின் கை பட்டது.

சூடு.

தோசைக்கல் சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல் ஒரு சூடு. ஆனால் மற்ற பெட்டி எதிலும் இல்லாத சூடு.

"இஃப்ஃபத்! இங்கருந்து பின்னால இருக்கறவங்கள எல்லாம் கதவுகிட்ட கொண்டுபோ. முன்னால இருக்கறவங்க அப்படியே இருங்க. நபீசாம்மா, எந்திரிங்க. பாய், நீங்களும். பைய எடுக்காதீங்க, கைய வீசிக்கிட்டுப் போங்க."

அவர்கள் விலகியதும், பெட்டியின் மூடியை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள். புகை, நூல் நூலாக, அவசரமே இல்லாமல் வெளியே வந்தது. இப்போது கேபினில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பெண் அலறினாள். ரூபிக்கோ அந்தப் புகையைப் பார்த்ததும் அப்படி ஒரு நிம்மதி! அதற்காகப் பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நொடியில் நிம்மதிதான். குப்பியின் வாயை அந்த இடுக்கில் வைத்து அழுத்தினாள். சீறிக்கொண்டு போனது மருந்து. காலியாகும்வரை விடவில்லை.

"சார், வலப்பக்கம் நடுப்பெட்டி. பை ஒண்ணு பொகைஞ்சுக்கிட்டிருக்கு. அணைக்கறேன். ஆளுங்கள எறக்கிடலாம்" என்று இன்டர்காமில் சொன்னாள்.  

"எஞ்சின் அணைச்சாச்சு. எறக்கு."

பின்கதவு திறந்தது. இஃப்ஃபத் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு இறக்கினாள். மார்ட்டின் ஐயாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அஞ்சலி மட்டும் இறங்கவில்லை. குடிநீர் வைத்திருந்த ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ரூபியின் பக்கத்தில் நின்றார். ரூபி தடித்த கையுறையை மாட்டி, பையைத் தரையில் இழுத்துப்போட்டு, ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு குட்டித் தலையணை. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, ஓரமெல்லாம் ஊதிவிட்ட வறட்டிபோல் சிவந்து கிடந்தது. காற்றுப் பட்டதும் இன்னும் சிவந்தது. அஞ்சலி தண்ணீரைச் சாய்த்தார். ஜாடி ஜாடியாகச் சாய்த்தார். சாம்பலும் பஞ்சும் கரைந்து தரையில் ஓடின. தீயணைப்புக்காரர்கள் ஏறிவந்தபோது அவர்கள் அணைக்க ஒன்றும் மிச்சமில்லை.

நிலையத்துக் கூடத்தில் பதினாலு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது என்னவென்று நபீசாதான் துப்புத் துலக்கினாள். பக்ருதீன் பாய்க்கு முதுகுவலி. இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை முட்டுக்கொடுக்காமல் அவரால் எங்கேயும் உட்கார முடியாது. பைகளைத் திறந்து வைத்துப் புகை போட்டபோது, பாய் சத்தமில்லாமல் வந்து தன் தலையணையையும் புடவைப் பையில் சொருகியிருக்கிறார். கொட்டாங்கச்சிக் கரியிலிருந்து ஒரு பொறி தெறித்து அதில் விழுந்திருக்கிறது. நபீசா பார்க்காமல் ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். மூடிய பைக்குள் அது தீயாகவும் எரியாமல் அணைந்தும் போகாமல், உள்ளுக்குள்ளேயே பஞ்சைத் தின்றுகொண்டு ஊரைச் சுற்றி விமானம்வரை வந்துவிட்டது.

"விமானத்துல மெத்து மெத்துன்னு சீட்டு குடுத்திருக்கான். அதுக்கு மேல இவருக்கு ஒரு தலகாணி!" என்று நபீசா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"பொக போட்டது யாரு, நானா?" என்றார் பாய்.

"அம்மா, அத்தா, விடுங்க" என்றான் ஷஃபீக். கல்யாணமாகாமலேயே அவனுக்குக் கல்யாணம் புரிந்துவிட்டது.

கல்யாணப் புடவையை மற்ற நனைந்த துணிகளிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். முந்தானை ஓரம் பொசுங்கியிருந்தது. நபீசா அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையைப் பார்த்தாள், பேரன்பேத்திகளைப் பார்த்தாள். திடீரென்று வாய்விட்டு அழுதாள். எழுந்துவந்து ரூபியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வானத்துல போனப்பொறம் இது நடந்திருந்தா?"

"நடக்கலியேம்மா" என்றாள் ரூபி. அவளுக்கும் கண் கலங்கியது.

அஞ்சலி அவளைத் தனியே கூப்பிட்டார். ஜலதோஷத்தில் அவர் மூக்கு சிவந்திருந்தது. "கண்ணுல படாத நெருப்ப எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ரூபி ஒளிக்கவில்லை. வாடை கூடிய கதையைச் சொன்னாள். ஏறும்போதே கேப்டன் கேட்டதையும், தான் பார்க்காமலேயே பதில் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். "அது என் தப்பு மேடம். பாத்திருந்தா விமானம் ஓடவே ஆரம்பிச்சிருக்காது."

 "உங்க பரீட்சை இன்னும் முடியல" என்றார் அஞ்சலி. "டேக்-ஆஃப் ஆனாத்தானே பரீட்சை. இன்னும் டேக்-ஆஃபே ஆகலியே. இன்னொரு விமானம் மதியம் வருது. அதுல உட்கார்ந்து பார்க்கறேன்." தும்மிக்கொண்டே போய்விட்டார்.

நெடுமாறன் வெளியே, நின்றுபோன விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பிரேக் சூடு ஆறக் காத்திருந்தார்கள். உழவர்கரைக்காரர், அளந்து பேசுகிறவர். ரூபி நேராகப் போய் அவர் எதிரில் நின்றாள். மனசில் வைத்துக்கொண்டு அலைவது அவளுக்கு ஆகாது.

"சார், ஒண்ணு கேக்கணும். நான்தான் மொதல்ல ஒண்ணுமில்ல, சாம்பிராணின்னு சொன்னேன். அப்பொறம் நானே நெருப்புன்னேன். எத நம்பி நிறுத்துனீங்க?"

"கடைசியா சொன்னத."

"கருவாட்டு ரூபி சொல்றாளேன்னு தோணலியா?"

நெடுமாறன் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுத்தார். "அன்னிக்கும் நான்தான நிறுத்துனேன்?"

"அதுக்காகத்தான் கேக்கறேன். அன்னிக்கு ஒரு வார்த்த பேசாம போனீங்களே."

"என்னத்தப் பேசறது? நீ சொன்ன, நான் நின்னேன். அதோட முடிஞ்சுது. உன்ன எறக்கிட்டாங்கன்னு எனக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும். எனக்குப் புடிக்கலன்னு ஆபீஸ்ல சொன்னேன். உங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணல." பிறகு அவள் பக்கம் திரும்பிச் சொன்னார். "ரூபி, அன்னிக்கு உன் பேச்சக் கேக்காம நான் பறந்திருந்தேன்னு வச்சுக்கோ. கருவாடுதான், ஒண்ணும் ஆயிருக்காது. நல்லபடியா போய் எறங்கியிருப்போம். ஆனா இன்னிக்கு நீ அந்த போன எடுத்திருப்பியா?"

ரூபி நிலையத்துக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.  இத்தனை மாதமாக அவமானம் என்று சுமந்துகொண்டு திரிந்ததுதான் இன்று அத்தனை பேரையும் மண்ணில் நிறுத்தி வைத்தது என்று அவளுக்குச் சட்டென்று விளங்கியது.  நெடுமாறன் மறுபடியும் சக்கரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியம் இன்னொரு விமானம் வந்தது. பக்ருதீன் குடும்பம் ஏறுவதற்கு முன் ரூபி படிக்கட்டின் கீழேயே நின்றுகொண்டாள். ஒவ்வொரு பையையும் திறக்கச் சொல்லி, துணிகளுக்கு நடுவில் கைவிட்டுப் பார்த்தாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கூட்டம் பின்னால் வெயிலில் நீண்டது, அப்போதும் யாரும் முணுமுணுக்கவில்லை. மார்ட்டின் ஐயா தன் கைப்பையைத் தானாகவே திறந்து நீட்டினார். பக்ருதீன் பாய் தலையணை இல்லாமல், வெறும் முதுகோடு ஏறினார்.

கதவு மூடியதும் இன்டர்காம் ஒலித்தது. "ரூபி, வாட ஏதாவது?"

"இருக்கு சார். சாம்பிராணி, மல்லிப்பூ, யாரோ பிரியாணி வச்சிருக்காங்க. எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டேன். கேபின் ரெடி."

"சரி" என்றார் நெடுமாறன்.

விமானம் ஓடியது. ஓடுபாதை தீருவதற்கு வெகுமுன்பே எழும்பியது. கீழே வீடுகளின் மொட்டை மாடிகள் சாய்ந்து, கடல் வந்து, பிறகு வெறும் மேகம். நபீசா கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். பட்டை மாட்டச் சொல்லும் விளக்கு அணைந்ததும் ரூபி எழுந்தாள்.

எதிரே அஞ்சலி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்-சார்ஜ்," என்றார், "சூடா ஒரு டீ கிடைக்குமா?"